குளிர வைத்துக் குடிக்க ஒரு சிவப்பு: போஜோலே ஒயினுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிவப்பு ஒயின் என்றால் நாக்கு வறண்டு இழுக்கும், ஒரு கிளாஸிலேயே வயிறு கனத்துவிடும், தட்டில் பெரிய மாட்டிறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அதைத் தொடவே கூடாது என்று நினைத்துக்கொண்டு வெள்ளை ஒயினோடு நின்றுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போஜோலே ஒரு பாட்டில் வாங்குங்கள், குளிர வையுங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள். இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் "என்னமோ புளிப்பாக, சப்பென்று இருந்தது" என்கிறார்கள். முதல் பாட்டிலை வாங்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எதை வாங்குவது, எவ்வளவு குளிர வைப்பது, எதோடு சாப்பிடுவது, மிச்சத்தை என்ன செய்வது என்று வரிசையாகப் போகலாம்.

முதலில், கையில் இருப்பது என்ன?

பிரான்ஸில் லியோன் நகரத்திலிருந்து வடக்கே கிளம்பி மாக்கோன் பக்கம் போகும் வழியில், சோன் ஆற்றுக்கு மேற்கே தொடர்ந்து வரும் குன்றுகள்தான் போஜோலே. போஜூ என்ற சின்ன ஊரின் பெயரிலிருந்து வந்த பெயர் இது. இங்கே சிவப்பு ஒயின் என்றால் ஒரே திராட்சைதான், கமே. இந்தக் கொடிக்கு ஒரு பழைய வழக்கு உண்டு: வடக்கே அடுத்திருக்கும் பர்கண்டிப் பகுதியின் கோமகன் பிலிப் 1395-இல் தன் நிலத்திலிருந்து கமேயைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். அது நிறையக் காய்க்கும், சுலபமாக வளரும், ஆனால் பினோ நுவார் திராட்சை போல உயர்ந்த ஒயின் தராது என்பது அவர் கட்சி. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். தெற்கே போஜோலேயின் கிரானைட் மண்ணில் கதையே வேறு. சத்துக் குறைந்த, கரடுமுரடான அந்த மண்ணில் கமே அளவாகக் காய்த்து, செர்ரியும் ராஸ்பெரியும் வயலட் பூவும் மணக்கிற ஒயினாகிறது.

இதன் புத்துணர்ச்சிக்குத் திராட்சை பாதிக் காரணம், செய்முறை மீதிக் காரணம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா முடிவும், எந்தச் சாப்பாடு, எவ்வளவு குளிர்ச்சி என்பது உட்பட, இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மற்ற ஊர்களில் பெரும்பாலும் திராட்சையைக் காம்பு நீக்கி, நசுக்கி, சாறும் தோலும் விதையும் சேர்ந்து ஊறும்படி தொட்டியில் விடுவார்கள். போஜோலேயில் பாரம்பரிய வழி, குலையைக் குலையாகவே தொட்டியில் போடுவது. அதனால்தான் அங்கே கையால் அறுவடை செய்வதற்கு இத்தனை மதிப்பு. இயந்திரம் அறுத்தால் பழம் உதிர்ந்து உடைந்துபோகும். தொட்டி நிறைந்ததும் அடியில் இருக்கும் பழங்கள் மேலே உள்ள பாரத்தால் நசுங்கி நொதிக்க ஆரம்பிக்கும், அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு மேலே ஏறித் தொட்டி முழுக்கப் பரவும். காற்று இல்லாமல் வாயுவில் மூழ்கிக் கிடக்கும் மேல் பழங்கள் உடையாமலே உள்ளுக்குள் மாறத் தொடங்கும். ஈஸ்ட் எதுவும் உள்ளே போகவில்லை, பழத்தின் சொந்த நொதிகளே சர்க்கரையில் ஒரு பங்கைச் சாராயமாக்குகின்றன. இந்த நேரத்தில் தொட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தால் நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும். இரண்டாகப் பிளந்து பார்த்தால், வெளுப்பாக இருக்க வேண்டிய சதை ரோஜா நிறத்தில் இருக்கும். தோலின் நிறம் உள்பக்கமாக இறங்கியிருக்கும்.

இதனால் கிடைப்பது என்ன? நிறமும் மணமும் வந்துவிடுகின்றன, தோலும் விதையும் அதிகம் கசக்கப்படாததால் டானின் குறைவாகவே வருகிறது. டானின் என்பது கடுந்தேநீர் குடித்தால் ஈறைப் பிடித்து இழுக்குமே, அந்தச் சமாச்சாரம். டானின் குறைவு, புளிப்பு நன்றாக, பழமணம் தூக்கலாக, சாராயம் பொதுவாக 12 முதல் 13.5 சதவீதத்துக்குள். இவ்வளவுதான் இந்த ஒயினின் ஜாதகம். நவம்பரில் வரும் புது ஒயினுக்குத் தொட்டியில் நாலைந்து நாள் போதும், கிராமப் பெயரில் வரும் கனமான ஒயின்கள் இரண்டு வாரம் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் ஊறும்.

எந்தப் போஜோலே வாங்குவது?

கடையில் மூன்று மட்டங்களாக இதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

அடிமட்டத்தில் வெறும் 'போஜோலே' என்று போட்டிருப்பது. பெரும்பாலும் தெற்குப் பகுதி, களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலம், மஞ்சள் கல்லில் கட்டிய அழகான கிராமங்கள் உள்ள பக்கம். அடுத்தது 'போஜோலே விலாஜ்'. வடக்கே 38 ஊர்களின் நிலத்திலிருந்து வருவது, அதிகமும் கிரானைட். பிரான்ஸில் சாதாரணமாகப் பத்து யூரோவை ஒட்டிய விலையில் நல்லதாகவே கிடைக்கும். முதல் பாட்டிலுக்கு என் வாக்கு இதற்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

மேல்மட்டத்தில் பத்து இடங்கள் தங்கள் சொந்தப் பெயரில் ஒயின் விற்கின்றன: சான்தமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃப்ளூரி, ஷிரூப்ள், மோர்கோன், ரேன்யே, ப்ரூயி, கோத் து ப்ரூயி. இவற்றைக் 'க்ரூ' என்பார்கள். ரேன்யே கடைசியாக 1988-இல் சேர்ந்தது. புதியவர்கள் இடறுவது இங்கேதான்: இந்த பாட்டில்களில் பலவற்றில் 'போஜோலே' என்ற சொல்லே முன்பக்கத்தில் இருக்காது. 'மோர்கோன்' என்று மட்டும் இருக்கும். கடைக்காரரிடம் போஜோலே கேட்டு அவர் ஃப்ளூரியை எடுத்து நீட்டினால் தப்பாகக் கொடுத்துவிட்டார் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. லேசாக, பூ மணத்தோடு வேண்டுமா, ஷிரூப்ள் அல்லது ஃப்ளூரி. ஷிரூப்ள் இந்தப் பத்தில் உயரமான நிலங்களைக் கொண்டது, அதனால் குளிர்ச்சியும் புளிப்பும் கூடுதல். உருண்டையாக, பழச்சாறு போல வேண்டும் என்றால் ப்ரூயி. கொஞ்சம் எலும்பும் தசையும் உள்ள ஒயின் வேண்டும், சில வருடம் வைத்திருக்கவும் வேண்டும் என்றால் மோர்கோன் அல்லது மூலான்-ஆ-வான். மோர்கோனில் கோத் தூ பீ என்று ஒரு குன்று, அந்தப் பெயர் லேபிளில் இருந்தால் நல்ல நிலம் என்று தைரியமாக எடுக்கலாம். மூலான்-ஆ-வான் என்பது அங்கே நிற்கும் பழைய காற்றாலையால் வந்த பெயர், மண்ணில் மாங்கனீசு உண்டு, பத்து வருடம் தாங்கும் பாட்டில்களும் அங்கிருந்து வருகின்றன. ஆனால் 'புத்துணர்ச்சியான சிவப்பு' என்று தேடி வந்தவர் முதலிலேயே மூலான்-ஆ-வானில் தொடங்க வேண்டாம்.

சரி, நூவோ? நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் விற்பனைக்கு வரும் போஜோலே நூவோவைத்தான் பலரும் முதலில் கேள்விப்பட்டிருப்பார்கள். அறுவடை முடிந்து சில வாரமே ஆன ஒயின் அது. 1951-இலிருந்து இப்படிச் சீக்கிரமாக விற்க முறையான அனுமதி இருக்கிறது, மூன்றாவது வியாழன் என்று நாள் குறித்தது 1985-இல். ஜார்ஜ் துபோஃப் என்ற வணிகர் அதை ஜப்பான் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். க்ரூ இடங்களின் பெயரில் நூவோ கிடையாது, போஜோலேவும் போஜோலே விலாஜும் மட்டும்தான். நல்ல கை பட்ட நூவோ சந்தோஷமான ஒயின், அந்த வாரத்தில் நண்பர்களோடு குடிக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை. மோசமானதில் வாழைப்பழ மிட்டாய் வாசனைதான் மூக்கை அடிக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மொத்தப் போஜோலேயையும் எடை போடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். இரண்டுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் தெரிந்திருக்கட்டும். ஜூல் ஷோவே என்ற வேதியியல் அறிந்த ஒயின் வணிகர், ரசாயனமும், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகமும் குறைத்து, திராட்சையோடு வரும் ஈஸ்டைக்கொண்டே ஒயின் செய்யலாம் என்று இதே போஜோலேயில் ஆராய்ந்து காட்டினார். மோர்கோனில் மார்செல் லபியேர், ஜான் ஃபொய்யார், கீ ப்ரெத்தோன், ஜான்-போல் தெவனே ஆகிய நால்வரும் அந்த வழியில் போனார்கள். இன்று பாரிஸ் ஒயின் கடைகளில் 'இயற்கை ஒயின்' என்று தனி அலமாரி வைத்திருப்பதற்கு இந்த மோர்கோன்காரர்கள் ஒரு முக்கியக் காரணம். அந்த வகை பாட்டில் லேசாகக் கலங்கலாக இருக்கலாம், திறந்தவுடன் கொஞ்சம் குமிழி வரலாம், இரண்டும் குறை இல்லை. ஆனால் கந்தகம் குறைந்த ஒயின் வெப்பத்தைத் தாங்காது. கோடையில் கண்ணாடி ஜன்னலோரம் நிற்க வைத்திருக்கும் கடையில் அதை வாங்காதீர்கள்.

லேபிளில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒன்று, ஆண்டு. நூவோ என்றால் இந்த ஆண்டுதான், அடுத்த வசந்தத்துக்குள் குடித்துவிட வேண்டும். விலாஜ் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்குள். இரண்டு, சாராய அளவு. வெயில் அதிகமான ஆண்டுகளில் 14 சதவீதத்தைத் தொடும் போஜோலேக்கள் வருகின்றன, அவை மோசமில்லை, ஆனால் நீங்கள் தேடும் லேசான தன்மை அதில் குறைவு. 12, 12.5, 13 என்று இருப்பதை எடுங்கள். மூன்று, எங்கே பாட்டிலில் அடைக்கப்பட்டது என்ற வரி. தோட்டத்திலேயே அடைத்தது என்று இருந்தால், விளைவித்தவரே செய்தது என்று ஓரளவு நம்பலாம். பெரிய வணிகர்களின் பாட்டிலிலும் நல்லவை உண்டு என்பதால் இதைக் கறாரான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போஜோலே வெள்ளையும் இருக்கிறது, அது ஷார்டனே, நிறத்தைப் பார்த்து எடுங்கள். முட்டை வெள்ளைக்கரு, மீன் பசை போன்றவற்றால் சில ஒயின்களைத் தெளிய வைப்பதுண்டு. சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் 'வீகன்' என்று குறித்த பாட்டிலைக் கேட்டு வாங்கலாம்.

குளிர வைப்பது

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். அந்த அறை, ஹீட்டர் வராத காலத்துப் பிரெஞ்சு வீட்டின் கல் சுவர் அறை, பதினாறு பதினேழு டிகிரிதான் இருக்கும். ஜூலை மாதத்து அடுக்குமாடி வீட்டில் 27 டிகிரியில் நிற்கும் பாட்டிலுக்கு அந்த விதி செல்லாது. அதுவும் போஜோலே அதைவிடக் குளிர்ச்சியாகவே வேண்டும். நூவோ 10 முதல் 12 டிகிரி, விலாஜ் 12 முதல் 13, க்ரூக்கள் 13 முதல் 15.

இதைவிடச் சூடானால் சாராயம் மூக்கில் ஏறும், பழமணம் வெந்த ஜாம் வாசனையாகும், புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அளவுக்கு மேல் குளிர்ந்தால் மணம் மூடிக்கொள்ளும், இருக்கும் கொஞ்ச டானினும் கசப்பாகத் தெரியும். இரண்டாவது தப்பு பரவாயில்லை, கிளாஸில் ஊற்றி உள்ளங்கையில் பிடித்திருந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் குளிர்ச்சியின் பக்கமே சாயுங்கள்.

தெர்மாமீட்டர் வேண்டாம். வீட்டில் வெளியே இருந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், குளிர்காலம் என்றால் முக்கால் மணி நேரம் போதும். ஃப்ரிட்ஜிலேயே கிடந்த பாட்டில் என்றால் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். விருந்தாளி வாசலில் நிற்கிறார், நேரமில்லை என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு பாட்டிலைக் கழுத்துவரை முக்குங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் வேலை நடக்காது, தண்ணீர்தான் குளிர்ச்சியைக் கண்ணாடிக்குக் கடத்துகிறது. கையால் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் வெளியே நீர் கோத்துச் சொட்டச் சொட்ட வழியக் கூடாது. கிளாஸுக்குள் ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள், ஒயின் நீர்த்துப்போகும்.

திறந்தவுடன் ஊற்றலாம், ஜாடியில் ஊற்றி மூச்சு விட வைக்கும் சடங்கெல்லாம் இதற்குத் தேவையில்லை. வாய் கொஞ்சம் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சாதாரணக் கண்ணாடி டம்ளரே போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி பாட்டிலிலேயே குளிர்ச்சியாக இருக்கட்டும். லியோனில் சின்ன உணவகங்களில் 46 சென்டிலிட்டர் பிடிக்கும், அடிக்கண்ணாடி தடித்த ஒரு பாட்டிலில்தான் இதைக் கொண்டுவந்து வைப்பார்கள். 'போ' என்பது அதன் பெயர். இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு அது கச்சிதமான அளவு.

எதோடு சாப்பிடுவது?

லியோன்காரர்கள் தங்கள் ஊருக்கு மூன்று ஆறுகள் என்பார்கள்: ரோன், சோன், போஜோலே. அந்த ஊர்ச் சமையல் பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் கிரீமும் வெங்காயமும். அந்தச் சமையலுக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த ஒயின் இது என்பதால், பொருத்தம் தேட வேண்டிய முதல் இடம் அந்த ஊர் மேசைதான். 'பூஷோன்' என்று அழைக்கப்படும் அந்தச் சின்ன உணவகங்களில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பட்டுத்தறி நெசவாளர்கள் காலையிலேயே பன்றி இறைச்சிப் பண்டங்களோடும் ஒரு போ ஒயினோடும் பசியாறும் வழக்கம் அங்கே இருந்தது. 'மாஷோன்' என்று அதைச் சொல்வார்கள், இன்றும் அதைக் கட்டிக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் சொசிசோனில் தொடங்குங்கள், உலர்த்திய பன்றி இறைச்சிச் சாசேஜ். மேலே மாவு பூசியது போலிருக்கும் வெள்ளைத் தோலை உரித்துவிட்டு, காகிதம் போல மெல்லிசாக இல்லாமல், பல்லுக்கு வேலை தரும் அளவு தடிமனாக வெட்டுங்கள். ஒரு துண்டை மெல்லும்போது முதலில் உப்பு, அப்புறம் மிளகு, கடைசியில் கொழுப்பு கரைந்து நாக்கின் மேல் படலமாகப் படியும். அந்தப் படலம் இருக்கும்போதே ஒரு வாய் குளிர்ந்த விலாஜ். புளிப்பு வந்து கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகும், உப்பு பட்ட நாக்கில் புளிப்பே தெரியாமல் செர்ரி மட்டும் நிற்கும், கை தானாக அடுத்த துண்டுக்குப் போகும். ஒயினைத் தனியாக ஒரு வாய், சொசிசோனுக்குப் பிறகு ஒரு வாய் என்று மாற்றிக் குடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பாட்டிலா என்று கேட்பீர்கள். உப்பும் கொழுப்பும் ஒரு பக்கம், புளிப்பும் பழமும் ஒரு பக்கம். மற்ற எல்லாப் பொருத்தமும் இதன் கிளைகள்தான்.

அறுவடைக்குப் பிறகு போஜோலேயில் சாசேஜைத் திராட்சைச் சக்கையின் மேல் வைத்து வேகவைப்பார்கள். சாறு பிழிந்த தோலும் விதையும் காம்பும் ஆவியோடு சேர்ந்து மணத்தை இறைச்சிக்குள் ஏற்றும், அவித்த உருளைக்கிழங்கோடு அதைப் பரிமாறுவார்கள். நவம்பரில் அந்தப் பக்கம் போனால் விசாரித்துச் சாப்பிடுங்கள். வருடம் முழுக்கக் கிடைப்பது, இனிப்பில்லாத பிரியோஷ் ரொட்டி மாவுக்குள் சாசேஜை வைத்துச் சுட்டு வட்ட வட்டமாக வெட்டித் தருவது. அதற்கும் விலாஜ்தான்.

லியோன் சாலட் இன்னொரு நல்ல பரீட்சை. சுருட்டையான கசப்புக் கீரை, வறுத்த பன்றிக் கொழுப்புத் துண்டுகள், மொறுமொறு ரொட்டி, கடுகும் வினிகரும் கலந்த சாஸ், மேலே மஞ்சள் கரு ஓடும் பதத்தில் ஒரு முட்டை. முட்டையும் வினிகரும் பெரும்பாலான சிவப்பு ஒயின்களைக் கவிழ்த்துவிடும். குளிர்ந்த கமே மட்டும் தன் புளிப்பால் ஈடு கொடுத்து நிற்கும்.

கோழி வறுவல், அதாவது அடுப்பில் முழுதாகச் சுட்ட கோழி, இந்த ஒயினுக்கு எங்கேயும் எப்போதும் சரி. சோன் ஆற்றுக்கு அக்கரையில்தான் ப்ரெஸ் என்ற பகுதி. நீலக் கால், வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை என்று பிரான்ஸ் கொடியின் நிறத்திலேயே இருக்கும் அந்த ஊர்க் கோழிக்கு 1957 முதல் சட்டப்படி பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அதற்கு ஃப்ளூரி வையுங்கள். சாதாரணக் கோழி என்றாலும் தோலில் வெண்ணெய் தடவி நன்றாகச் சிவக்கச் சுட்டால் போதும், மார்புக்கறியைவிடத் தொடைக்கறியோடு ஒயின் இன்னும் சேரும். சிவப்பு ஒயினில் கோழியை ஊறவைத்துச் சமைக்கும் கோக்-ஓ-வான் செய்தால் மேசையில் ஜூலியேனா அல்லது மோர்கோன் இருக்கட்டும், லேசான விலாஜ் அந்தச் சாஸின் முன் காணாமல் போய்விடும். வாத்துக்கு மூலான்-ஆ-வான்.

அமெரிக்காவில் நன்றி செலுத்தும் நாள் நவம்பர் நான்காவது வியாழன், நூவோ வருவது அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். வான்கோழி, கிரான்பெரி சாஸ், இனிப்புக் கிழங்கு எல்லாம் ஒரே தட்டில் குவியும் அந்த விருந்துக்கு டானின் கனத்த ஒயின் ஒத்துவராது. நூவோவோ விலாஜோ வைத்தால் எல்லாவற்றோடும் சமாதானமாகப் போகும்.

இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, சொல்லப்போனால் சைவத் தட்டுக்கு இவ்வளவு இணங்கிப்போகும் சிவப்பு ஒயின் வேறு அதிகம் இல்லை. வெண்ணெயில் வதக்கிய காளானுக்குக் கொஞ்சம் வயதான மோர்கோன். பிரான்ஸின் புய் ஊர்ப் பச்சைப் பருப்பை அவித்து, சின்ன வெங்காயமும் கடுகுச் சாஸும் கலந்த சாலட்டுக்கு விலாஜ். கிரீமில் அடுக்கிச் சுட்ட உருளைக்கிழங்கு, சுட்ட பீட்ரூட், தக்காளியும் கத்தரிக்காயும் சேர்த்த ரத்ததூய், எல்லாமே நன்றாகப் போகும். சீஸில் ஆட்டுப்பால் சீஸும், லியோன் பக்கத்துச் சான் மார்செலானும், மூலிகையும் பூண்டும் அடித்துக் கலந்த 'செர்வெல் து கனூ' என்ற தயிர்ப்பதச் சீஸும். நீலப் பூஞ்சைச் சீஸ் வேண்டாம், அது ஒயினைக் கசக்க வைக்கும்.

மீன் விஷயத்தில் தயங்க வேண்டாம். சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் வாயில் இரும்புச் சுவை வரும் என்பது கனமான ஒயின்களுக்குப் பெரும்பாலும் உண்மை. நன்றாகக் குளிர்ந்த ஷிரூப்ளோடு வாட்டிய சால்மனோ சூரை மீனோ சாப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய வெள்ளை மீனுக்கு வெள்ளை ஒயினே நல்லது.

காரம் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் தமிழ்க் கடைகளில் மிளகாய்த்தூள் வாங்கிச் சமைக்கும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மிளகாயின் எரிச்சலைச் சாராயம் கூட்டும், டானின் அதை இன்னும் முரட்டுத்தனமாக்கும். இரண்டும் குறைவாக உள்ள, குளிர்ந்த, பழமணமுள்ள சிவப்பு என்பதால் போஜோலே மற்றவற்றைவிட நன்றாகவே தாங்கும், முக்கியமாக மிளகு போட்டு வறட்டிய கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும். புளி தூக்கலான குழம்புக்கு நான் இதை வைக்க மாட்டேன், புளிப்பும் புளிப்பும் மோதும்.

தவிர்க்க வேண்டியவை இனிப்புப் பண்டங்களும் சாக்லேட்டும், அவற்றின் முன் ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும். தடித்த மாட்டிறைச்சித் துண்டுக்கும் லேசான விலாஜ் போதாது.

தோட்டத்துக்கே போக நினைத்தால் லியோனிலிருந்து வடக்கே கொஞ்ச நேரக் கார்ப் பயணம்தான், சின்னத் தோட்டங்களில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது மரியாதை. ருசி பார்த்துவிட்டு ஒயினைத் துப்புவதற்குக் கலம் வைத்திருப்பார்கள், தயங்காமல் துப்புங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிரான்ஸில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 0.2. ஓட்டுபவர் குடிக்காமல் இருப்பதே நல்லது.

மிச்சம் இருந்தால்

கார்க்கைத் திரும்ப அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் நன்றாகவே இருக்கும், மூன்றாம் நாள் வரை ஓட்டலாம். பாதிக்கும் குறைவாக இருந்தால் சின்ன பாட்டிலுக்கு மாற்றி வாய்வரை நிரப்பி மூடுங்கள், காற்றுக்கு இடம் குறையும். அதற்கு மேலும் மிஞ்சினால் சமையலுக்கு. பர்கண்டிக்காரர்கள் முட்டையைச் சிவப்பு ஒயின் சாஸில் செய்வார்கள், அதற்கு இது அருமையாகப் பொருந்தும்: வெண்ணெயில் வெங்காயமும் காளானும், வேண்டுமானால் பன்றிக் கொழுப்புத் துண்டும் வதக்கி, ஒயினை ஊற்றி, ஒரு பிரியாணி இலை போட்டுப் பாதியாகச் சுண்ட விடுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை ஒயின் வாசனை போகாது. ஒரு கரண்டி வெண்ணெயும் மாவும் பிசைந்து அதில் கரைத்துக் கெட்டியாக்கி, உப்பு பார்த்து, தனியாகக் கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டையை, பூண்டு தேய்த்துச் சுட்ட ரொட்டியின் மேல் வைத்து, சாஸை மேலே ஊற்றுங்கள். அதோடு குடிக்க இன்னொரு பாட்டில் வேண்டியிருக்கும், அதை முட்டை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.